பதின்மூன்று வருஷமாக முப்பத்தெட்டு

நவம்பர் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை, கர்நாடகம் உருவான நாளுக்கான ராஜ்யோத்ஸவ விடுமுறை. பகல் பதினொரு மணிக்கு ஆஸ்டின் டவுனில் ஆஞ்சலாவின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். யார் யார், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பேச்சு சூடு பிடித்த பிறகு யாரும் உட்கார்ந்த இடத்தில் இருக்கவில்லை.

ஆஞ்சலா, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில், முக்காலி மேல். மடியில் ஒரு படிவம். அவள் கணவர் லாயிட், சோபாவின் கைப்பிடி மேல். சோபா முழுக்க உடுப்புக் குவியல், அதில் ஒன்றைத் தள்ளினாலும் ஆஞ்சலா கத்துவாள் என்று அவருக்குத் தெரியும். மகள் அன்னா, தரையில், சுவரில் சாய்ந்து, மடியில் லேப்டாப். ஆஞ்சலாவோடு வேலை பார்க்கிற ஃபாத்திமா, வீட்டில் ஆடாமல் நிற்கிற ஒரே நாற்காலியில். விருந்தாளி என்பதால் அல்ல, முதலில் வந்து பிடித்ததால். டெய்லர் ஜெயராஜ், வாசலை ஒட்டி, செருப்பு ஸ்டாண்டு மேல், கழுத்தில் அளவு நாடாவோடு. அவர் கடை கீழேதான். "ரெண்டே நிமிஷம் வந்துட்டுப் போ ஜெயராஜூ" என்று லாயிட் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து, கிறிஸ்துமஸ் துணி இன்னும் வர ஆரம்பிக்காத நாட்கள், அவரும் அவசரப்படவில்லை.

கூட்டம் கூடியது அந்தப் படிவத்துக்காக.

'நகர நடை' என்று பெங்களூர்த் தமிழர்களுக்காக ஒரு இணைய இதழ். உடுப்பு, நகை, செருப்பு என்று எழுதுகிறவர்கள், படம் போடுகிறவர்கள், வீடியோ எடுக்கிறவர்கள் எல்லோரிலும் நாற்பது வயதுக்கு உட்பட்ட நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து, இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி மேடையேற்றப் போகிறார்கள். பெயரை வாசிப்பார்கள். அவரவர் தன் பாணியில் உடுத்திக்கொண்டு, மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் பதினேழாவது பெயர்: ஆஞ்சலா, 'ஆஞ்சலாவின் அலமாரி'.

படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, மூலப் பிரதியைத் திங்கட்கிழமைக்குள் இந்திராநகர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். முதல் மூன்று கட்டங்களை ஆஞ்சலா வியாழக்கிழமையே நிரப்பிவிட்டாள். நான்காவது கட்டம் பிறந்த தேதி. அவள் பிறந்தது 1974, மார்ச் பதினான்கு. ஐம்பத்தொரு வயதை நாற்பதுக்குள் எப்படி மடித்து வைத்தாலும் வெளியே துருத்திக்கொண்டுதான் நிற்கும்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல" என்றாள் ஃபாத்திமா. "அவங்களா எப்படி உன்னை நாப்பதுக்குள்ள சேர்த்தாங்க? உன் மூஞ்சியப் பார்த்தா?"

"மூஞ்சியப் பார்த்துச் சேர்க்கல" என்றாள் அன்னா. "பேஜைப் பார்த்துச் சேர்த்திருக்காங்க." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

'என்னைப் பற்றி' என்ற பக்கம். *என் பெயர் ஆஞ்சலா. வயது 38. ஊர் பெங்களூர். வாரத்தில் ஆறு நாள் சாம்பல் நிறக் கோட்டு. ஏழாம் நாள் என் இஷ்டம்.*

அதை அவள் எழுதியது 2012 ஜூனில். பொம்மசந்திராவில் மோட்டார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், ஸ்டோர்ஸ் பிரிவில் அவளுக்கு வேலை. ஆணும் பெண்ணும் ஒரே சாம்பல் கோட்டு. காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் சிமென்ட் மூட்டை இறங்குகிற மாதிரி இருக்கும். அந்தக் கோட்டுக்குள் இருந்துகொண்டு வாரம் முழுக்க அவள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யோசிப்பாள். யோசித்ததை உடுத்துவாள், லாயிட் படம் எடுப்பார், அவள் நாலு வரி எழுதுவாள். அந்த முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்தது அன்னா. அப்போது அவளுக்குப் பத்து வயது.

வயதை வருஷாவருஷம் மாற்ற வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ரேஷன் கார்டில் எழுதினதை யார் வருஷாவருஷம் மாற்றுகிறார்கள்?

இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆஞ்சலாவுக்கு மட்டும் தெரியும். நான்காம் வருஷமே அவள் அதைக் கவனித்தாள். மாற்றலாம் என்று திறந்தபோது கீழே ஒரு வாசகி எழுதியிருந்தாள்: 'அக்கா, உங்களுக்கு 38-ஆ? நம்பவே முடியல!' அந்த வாரம் முழுக்க ஆஞ்சலா ஸ்டோர்ஸில் விசிலடித்துக்கொண்டே பெட்டி எண்ணினாள். பக்கத்தை மாற்றவில்லை. அந்த வாசகி எந்த அர்த்தத்தில் நம்ப முடியவில்லை என்று சொன்னாள் என்பது இன்னும் இரண்டு வருஷம் கழித்து, பல் தேய்க்கும்போதுதான் திடீரென்று உறைத்தது.

"பேசாம ஒரு தேதியப் போட்டு அனுப்பிடு" என்றாள் ஃபாத்திமா. "எண்பத்தேழுன்னு போடு. யாரு பர்த் சர்ட்டிஃபிகேட் கேக்கப் போறா?"

"ஆன்ட்டி, ஆறாவது கட்டத்தைப் பாருங்க. ஆதார் நகல் இணைக்கவும்."

"அது ஒண்ணு இருக்கா" என்று ஃபாத்திமா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"ஆதாரை விடுங்க. என்னைப் பாருங்க" என்றாள் அன்னா. "எனக்கு இருபத்திமூணு. மம்மிக்கு முப்பத்தெட்டுன்னா, பதினஞ்சு வயசுல என்னைப் பெத்திருக்கணும். டாடியப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்."

"என்னை எதுக்குடி நடுவுல இழுக்குற?" என்றார் லாயிட். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பிரச்சினை வந்தாலும் அவருக்கு முதலில் லிஃப்ட்தான் ஞாபகம் வரும். "இதோ பாரு ஆஞ்சி. உள்ள எட்டு பேருன்னு எழுதியிருக்கும். ஒன்பதாவது ஆளு சின்னவன்தானேன்னு ஏறுவான். மிஷினு என்ன பண்ணும்? கீ கீன்னு கத்தும். கதவு மூடாது. ஏறினவன் மானம் போயிடும்."

"இப்ப என்னை ஒன்பதாவது ஆளுங்கிறீங்க."

"நான் பொதுவாச் சொன்னேன்."

"அக்காவுக்கு வயசு ஆதாரம் வேணும்னா எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க" என்றார் ஜெயராஜ் செருப்பு ஸ்டாண்டிலிருந்து. "பதினாறு வருஷத்து அளவு நோட்டு இருக்கு. எந்த வருஷம் எங்க எவ்வளவு பிரிச்சு விட்டேன்னு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"அந்த நோட்டை எரிச்சிடு ஜெயராஜூ" என்றாள் ஆஞ்சலா.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் படிவத்தை மடியிலிருந்து எடுக்கவில்லை. பதின்மூன்று வருஷத்தில் யாரும் அவள் உடுப்பைப் பற்றி ஒரு மேடையில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கம்பெனியில் அவள் 'ஸ்டோர்ஸ் ஆஞ்சலா'. மாதாகோயிலில் 'லாயிட் வீட்டம்மா'. ஒருநாள், ஒரே ஒருநாள், நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவள் பெயரைச் சொல்ல, அவள் உடுத்துகிற மாதிரி உடுத்திக்கொண்டு, இங்கிருந்து அங்கே நடக்க வேண்டும். அந்த ஆசை வியாழக்கிழமை வரை அவளுக்கே தெரியாது. படிவத்தோடு வந்த கடிதத்தைப் படித்த நிமிஷத்திலிருந்து அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

இதற்கு முன்பே, போன மாதம் ஒரு சங்கதி நடந்திருந்தது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல உடுப்புதான்: லுங்கித் துணியில் காலர் வைத்த முழுக்கைச் சட்டை, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கிற கடுகு நிற பேன்ட், சிவப்பு கேன்வாஸ் ஷூ. ஒரு காலேஜ் பெண் எழுந்து, "ஆன்ட்டி, உக்காருங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் முழங்கால் அவளைக் கேட்காமல் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண் ஆன்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிடலாம். உட்கார்ந்ததும் 'அப்பாடா' என்று வந்ததே ஒரு சத்தம், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"சரி" என்று எழுந்தாள். "முப்பத்தெட்டு எப்படி இருக்கும்னு பார்த்துடுவோம். அன்னா, உன் அலமாரி சாவி குடு."

பத்து நிமிஷம் கழித்து உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். கை இல்லாத, முழங்காலுக்கு மேலே நிற்கிற கறுப்பு கவுன். அதன் மேல் வெள்ளி மினுமினுப்பாக ஒரு குட்டைச் சட்டை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் லாயிட். அபார்ட்மென்ட் செகரட்டரிகளிடம் லிஃப்ட் நாளைக்கு ரெடியாகிவிடும் என்று சொல்வாரே, அதே குரல்.

"அரே, யாரு வீட்டு ரிசப்ஷன்?" என்றாள் ஃபாத்திமா.

ஜெயராஜ் எழுந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தொழில் விஷயத்தில் அவர் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை. "அக்கா, இந்தத் தோள்பட்டை உங்களுக்கு வெட்டினது இல்ல. இப்ப மூச்சைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. விட்டீங்கன்னா பக்கத் தையல் போயிடும்."

"மம்மி, முதல்ல மூச்சு விடு, அப்புறம் பேசு. ஆனா மெதுவா விடு, அது என்னோட ஃபேவரிட்" என்றாள் அன்னா. "அதுவுமில்லாம இது முப்பத்தெட்டு வயசு இல்ல. இது இருபத்திமூணு. என் டிரஸ்ஸப் போட்டா என் வயசுதானே வரும்?"

"அப்ப முப்பத்தெட்டு எப்படித்தான் இருக்கும்?"

ஃபாத்திமாவுக்கு அது மறந்து பதினொரு வருஷம். லாயிட் தன் முப்பத்தெட்டில் என்ன உடுத்தினோம் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, "காக்கி" என்றார்.

"இருங்க" என்ற அன்னா, லேப்டாப்பில் கீழே கீழே போய், பழைய பதிவுகளைத் தாண்டி, முதல் பதிவுக்கே போனாள். 2012 ஜூன். முதல் படம்.

எல்லோரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். காப்பிப் பொடி நிறத்தில் ஒரு சுடிதார். துப்பட்டா இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, மார்பு முழுக்க மூடி, காற்றடித்தாலும் அசையாத மாதிரி. தலைமுடி எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டியது. கண் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறது.

"இது யாரு?" என்றார் லாயிட். "உங்க சின்னம்மாவா?"

"நீங்க எடுத்த போட்டோதான் டாடி, நல்லாப் பாருங்க."

லாயிட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். தாழ்த்திப் பார்த்தார். "நீதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இப்ப இருக்கிறத விட அப்ப வயசாயிருக்கே."

"அந்தச் சுடிதார் நான் தைக்கல" என்று ஜெயராஜ் அவசரமாகச் சொன்னார்.

ஆஞ்சலா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாள் ஞாபகம் இருந்தது. மொட்டைமாடியில், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, நாலு படத்தில் முடித்துக்கொண்டு கீழே ஓடிவந்தாள். காலர் வைத்துத் தைக்கச் சொல்ல இரண்டு வருஷம் ஆயிற்று. பேன்ட்டை உயர்த்த ஐந்து வருஷம். சிவப்பு ஷூ வாங்கினது நாற்பத்தாறில். வாங்கிவிட்டு ஆறு மாதம் பெட்டியிலேயே வைத்திருந்தாள். லுங்கித் துணியில் சட்டை தைத்துக்கொண்டு மாதாகோயிலுக்குப் போன அன்றைக்கு அவளுக்கு நாற்பத்தொன்பது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தாள்.

முப்பத்தெட்டு வயதுக்காரியை அந்த மேடையில் ஏற்றினால், காப்பிப் பொடி சுடிதாரில் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவாள்.

"அன்னா, அந்தக் கடுதாசியில ஒரு போன் நம்பர் இருக்கு பாரு. போடு."

கவுனைக் கழற்றிவிட்டு, தன் சட்டையையும் பேன்ட்டையும் மாட்டிக்கொண்டு வந்தபின்தான் போனைக் கையில் வாங்கினாள். அன்னா ஸ்பீக்கரை அழுத்தினாள். ஐந்து பேரும் போனைச் சுற்றி நின்றார்கள்.

"நகர நடை, கிருத்திகா பேசறேன்." சின்னப் பெண் குரல்.

"நான் ஆஞ்சலா. ஆஞ்சலாவின் அலமாரி."

"மேடம்! ஐயோ, நீங்களா? உங்க லுங்கிச் சட்டைப் பதிவைப் பார்த்துட்டு நானும் ஒண்ணு தைச்சுக்கிட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் எங்க வாங்கினன்னு கேட்டாங்க."

இது இன்னும் கஷ்டமாகிவிட்டது. "கிருத்திகா, நாலாவது கட்டம் விஷயமாப் பேசணும்."

"டேட் ஆஃப் பர்த்தா? அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம்."

"எனக்கு ஐம்பத்தொண்ணு."

தெருமுனையில் கொடியேற்றம் முடிந்து ஒலிபெருக்கியில் யாரோ கன்னடத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அது முழுக்கக் கேட்டது.

"உங்க பேஜ்ல முப்பத்தெட்டுன்னு…"

"அது ரெண்டாயிரத்துப் பன்னிரண்டுல எழுதினது. மாத்தல. முதல்ல மறதி. அப்புறம் மறதி இல்ல. தப்பு என்னுதுதான்."

கிருத்திகா சிரித்துவிட்டாள். "மேடம், அப்ப நான் நாலாம் கிளாஸ்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பரவாயில்ல, விடுங்க. நாப்பது பேர் தேத்தறதுக்கே எங்களுக்கு நாக்குத் தள்ளிடுச்சு, யாரையும் சரியாச் செக் பண்ணல. ஆனா நாப்பதுக்குள்ள உங்களை வெக்க முடியாது. ஒண்ணு பண்ணலாம். அம்பது தாண்டினவங்களுக்கு இன்னொரு பிரிவு இருக்கு, 'பொன் பருவம்'. இப்ப வரைக்கும் ரெண்டே பேர்தான். உங்களை அதுல போட்டுடறேன். மேடை உண்டு, பேர் வாசிப்பாங்க, எல்லாம் உண்டு."

ஆஞ்சலாவின் முகம் மலர்ந்தது. லாயிட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"டிரஸ் பத்தி நீங்க கவலையே பட வேணாம்" என்று கிருத்திகா உற்சாகமாகத் தொடர்ந்தாள். "அந்தப் பிரிவுக்கு நாங்களே குடுக்கறோம். வெள்ளைப் புடவை, முத்து மாலை, கையில ஒரே ஒரு ரோஜா. பின்னால வீணை. மெதுவா நடந்தாப் போதும். படியேற ஆளு கைபுடிச்சு விடுவாங்க."

லாயிட்டின் கட்டைவிரல் கீழே இறங்கியது.

"நாப்பது பேரும் அவங்கவங்க டிரஸ்ல வருவாங்க இல்ல?" என்றாள் ஆஞ்சலா.

"ஆமா மேடம். அது அவங்க ஸ்டைல்."

"அப்ப எனக்கு ஸ்டைல் எப்ப போச்சு? நாப்பதாவது பர்த்டே அன்னிக்கா?"

"நான் இப்படி யோசிக்கல மேடம்" என்றாள் கிருத்திகா. குரலில் நடிப்பு இல்லை. "முடிவு பண்றது நான் இல்ல, கமிட்டி. திங்கட்கிழமை மத்தியானம் உக்கார்றாங்க. ஒண்ணு செய்ங்க. எழுதிக் குடுங்க. மெயில் வேணாம், மெயிலை யாரும் படிக்கறதில்ல. பேப்பர்ல, கைப்பட. இன்னிக்கே அனுப்புனீங்கன்னா நான் டேபிள்ல எல்லாரும் பார்க்கற இடத்துல வெக்கறேன். சாயந்திரம் வரைக்கும் ஆபீஸ்லதான் இருப்பேன்."

போன் வைத்ததும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் ஜெயித்தது ஃபாத்திமாவின் குரல்.

"வெள்ளைப் புடவையா? அரே பாபா, அண்ணன் உயிரோடதானே இருக்காரு!"

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் லாயிட். "எல்லாருக்கும் தெரியறதுக்காகச் சொல்றேன்."

"நாளைக்குக் கல்லறைத் திருநாள் வேற" என்றாள் அன்னா. "மம்மி அப்படியே அந்தப் புடவையில வந்துடலாம்."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் ஜெயராஜ். "புடவை வெள்ளையா இருக்கட்டும். பிளவுஸை நான் லுங்கித் துணியில தைச்சுடறேன், காலர் வெச்சு. மேடைக்குப் போனப்புறம் யாரு என்ன பண்ண முடியும்?"

"முத்து மாலையக் கழட்டி லாயிட் அண்ணன் கழுத்துல போட்டுடலாம்" என்றாள் ஃபாத்திமா.

"பேசாம போகவே வேணாம் மம்மி" என்றாள் அன்னா. இப்போது அவள் கிண்டல் செய்யவில்லை. "இவங்க யாரு நமக்கு வேஷம் போட்டு விட? உன் பேஜ் இருக்கு, உன் வாசகர் இருக்காங்க. போதும்."

ஆஞ்சலா முக்காலியில் உட்கார்ந்தாள். "போதாது" என்றாள். "எனக்கு அங்க நடக்கணும்டி. ஆசையா இருக்கு. ஐம்பத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டே, இந்த பேன்ட்டுல நடக்கணும். ரெண்டுல ஒண்ணைத்தான் தருவேன்னா எனக்கு வேணாம். ஆனா கேக்காம விட மாட்டேன்."

அன்னா லேப்டாப்பை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். 'என்னைப் பற்றி' பக்கம் திருத்துவதற்குத் திறந்திருந்தது. "அப்ப முதல்ல இது" என்றாள்.

ஆஞ்சலா ஒற்றை விரலால் முப்பத்தெட்டை அழித்தாள். ஐந்து. ஒன்று. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: *இத்தனை வருஷம் திருத்தாமல் விட்டதற்கு மன்னிக்கவும்.* பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பதின்மூன்று வருஷத்து வாசகர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று பயமாக இருந்தது. ஃபாத்திமா எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டாள். அந்த வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை.

டீ வருவதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து ஒரு வாசகி. அன்னா சத்தமாக வாசித்தாள்: "'அக்கா, எங்களுக்கு ரொம்ப நாளா தெரியும். போன வருஷம் உங்க பொண்ணு பட்டம் வாங்கின போட்டோ போட்டீங்களே, அப்பவே கணக்குப் போட்டுட்டோம். நீங்களா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு விட்டுட்டோம்.'"

"போட்டுட்டோமா? எத்தனை பேரு?" என்றாள் ஆஞ்சலா.

"கீழே பதினொரு பேர் 'ஆமா'ன்னு போட்டிருக்காங்க மம்மி. அதுல ஒருத்தர் நம்ம பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் அங்கிள்."

ஆஞ்சலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க ஒரு டம்ளர் டீ ஆயிற்று. அப்புறம் இஸ்திரி மேசையைத் துடைத்து, கோடு போட்ட தாள் இரண்டை அதன் மேல் வைத்து, பேனாவை உதறிப் பார்த்தாள். ஜோலார்பேட்டையில் பத்தாம் வகுப்பு வரை படித்தபோது கடிதம் எழுதுகிற முறை கைக்குள் ஏறியிருந்தது. இடது ஓரம் இரண்டு விரல் விட்டு, அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் அதனதன் இடத்தில் தானாக வந்து உட்கார்ந்தன.

"'தயவுகூர்ந்து'ன்னு ரெண்டு தடவை போடு" என்றாள் ஃபாத்திமா.

"ஒரு தடவை போதும்."

"போட்டோவெல்லாம் புருஷன் எடுத்ததுன்னு ஒரு வரி" என்றார் லாயிட்.

"அதைச் சொன்னா இருக்கிற வாய்ப்பும் போயிடும் டாடி."

முதல் தாளில் கோபம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கிழித்துவிட்டு இரண்டாவது தாளில் நிதானமாக எழுதினாள். முடித்ததும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்:

*பொருள்: என் வயதும் என் உடுப்பும்.*

*ஐயா, அம்மா, வணக்கம். என் வயது ஐம்பத்தொன்று. நாற்பதுக்கு உட்பட்டோர் பட்டியலில் என் பெயர் வந்தது என் பக்கத்தில் இருந்த பிழையால். அந்தப் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தகுதியான வேறு ஒருவருக்குத் தர வேண்டுகிறேன்.*

*ஐம்பது தாண்டியவர்களுக்கான பிரிவில் சேர எனக்கு முழுச் சம்மதம். ஆனால் நான் என் சொந்த உடுப்பில்தான் வருவேன். வெள்ளைப் புடவை நல்ல உடை. அதை விரும்பி உடுத்துகிறவர்களுக்கு அழகாகவே இருக்கும். நான் அதை உடுத்துகிறவள் அல்ல. இப்போது நான் உடுத்துகிற விதத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வயது ஆயிற்று. அதைக் கழற்றி வைத்துவிட்டு மேடையேறினால், நீங்கள் அழைத்தது யாரை என்று எனக்கே தெரியாது. வீணை இருக்கலாம், ஆட்சேபம் இல்லை. கொஞ்சம் வேகமாக வாசித்தால் நல்லது. படியேறக் கை வேண்டாம். ஆனால் மேடைக்குப் பின்னால் உட்கார ஒரு நாற்காலி போட்டால் மறுக்க மாட்டேன்.*

*இது முடியாது என்றால் தயவுகூர்ந்து என் பெயரை இரண்டு பட்டியலிலும் சேர்க்க வேண்டாம். வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது.*

"நாற்காலி எதுக்கு?" என்றார் ஜெயராஜ்.

"முழங்கால் வலிக்குதுய்யா" என்றாள் ஆஞ்சலா. முதல் தடவையாக அதைச் சத்தமாகச் சொன்னாள். ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கும்தான்" என்றாள் ஃபாத்திமா.

படிவத்தின் நாலாவது கட்டத்தில் பிறந்த தேதியைப் பெரிய எழுத்தில் நிரப்பினாள். ஆதார் நகல் எடுத்து வர ஜெயராஜ் தெருமுனைக்குப் போய் வந்தார். கடிதத்தை மூன்றாக மடித்து, படிவத்தையும் நகலையும் சேர்த்து, நீள உறையில் போட்டாள். வீட்டுப் பசை பாட்டில் காய்ந்து கல்லாகியிருந்தது. "ஒரு தையல் போட்டுடட்டா?" என்று ஜெயராஜ் கேட்டார். அன்னா தன் பையிலிருந்து பசைக் குச்சியை எடுத்துக் கொடுத்தாள். ஆஞ்சலா ஓரம் முழுக்கத் தடவி, ஒட்டி, இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் அதன் மேல் நிறுத்தி வைத்தாள். பெட்டி சூடாக இல்லை, கனத்துக்காக.

பார்சல் எடுக்கிற பைக்கை அன்னா போனில் கூப்பிட்டிருந்தாள். நரைத்த மீசை வைத்த ஒருவர் கீழே ஹாரன் அடித்தார். ஆஞ்சலாவே படியிறங்கிப் போனாள். மற்ற நால்வரும் பின்னால் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏனிதெ மேடம்? டாக்குமென்ட்டா?" என்றார் அவர் கன்னடத்தில், உறையைத் திருப்பிப் பார்த்து.

"லெட்டர். மடிக்க பேடா, மடிக்காதீங்க."

அவர் உறையை நிமிர்த்தி, பெட்டியில் மேலாக வைத்து, மூடியைத் தட்டிப் பூட்டினார். அன்னா போனில் வந்திருந்த நாலு இலக்க எண்ணைச் சொன்னாள். சிவப்பு மஞ்சள் கொடி கட்டிய ஆட்டோ ஒன்று நடுத்தெருவில் நின்று ஆளை இறக்கிக்கொண்டிருந்தது. பைக் அதைச் சுற்றிக்கொண்டு, தெருமுனையில் இந்திராநகர்ப் பக்கம் திரும்பிப் போயிற்று.